கேனோ போலோ: கவிழ்வதில் தொடங்கி கோல் போடுவது வரை

கேனோ போலோ என்பது படகில் உட்கார்ந்து பந்து எறிந்து ஆடும் ஆட்டம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பந்தைத்தான் கேட்பார்கள். நானும் கேட்டேன். "பந்து நாலாவது வாரம். இன்றைக்குக் கவிழ வேண்டும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார் பயிற்சி கொடுத்த பெண்மணி. இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர். புதன்கிழமை இரவு ஒன்பது மணி, குளிக்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போன நீச்சல் குளம். முப்பத்தாறு வயதில் ஒரு குட்டைப் படகுக்குள் இடுப்பை இறுக்கிக்கொண்டு, வேண்டுமென்றே தலைகீழாகப் போகச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. எட்டு வருஷம் ஆடிவிட்டு இப்போது புதியவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். அதே வரிசையில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் கவிழ்வது, அடுத்து எழுவது, அடுத்து படகைத் திருப்புவது, அப்புறம்தான் பந்து. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகும்.

என்ன ஆட்டம் இது

அணிக்கு ஐந்து பேர் தண்ணீரில், மூன்று பேர் வெளியே மாற்று ஆட்களாக. ஆளுக்கு ஒரு கயாக் (மேல்பக்கம் மூடிய, இடுப்பு வரை உள்ளே நுழைந்து உட்காரும் சிறு படகு), ஒரு துடுப்பு. களம் 35 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் ஒவ்வொரு கோல் தொங்கும். அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் ஒரு மீட்டர். அதன் கீழ் விளிம்பே தண்ணீருக்கு 2 மீட்டர் மேலே இருக்கும். வாட்டர் போலோ பந்தைக் கையால் எறிந்து அந்தச் சட்டத்துக்குள் போட வேண்டும். பத்து பத்து நிமிடமாக இரண்டு பாதி. உள்ளூர் லீக் ஆட்டங்களில் ஏழு நிமிடமாகச் சுருக்குவதும் உண்டு. இருபது நிமிட ஆட்டம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாலு நிமிடத்திலேயே முன்கை மரத்துப்போகும்.

தண்ணீரில் ஆடும் கூடைப்பந்து என்று இதை விளக்குகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் கபடிக்குத்தான் கிட்ட வரும். பந்து வைத்திருப்பவரைத் தள்ளிக் கவிழ்க்கலாம், அவர் படகை மறித்து வளைத்துப் போடலாம். மூச்சை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்ற கணக்கும் இருக்கிறது.

பெயரில் கேனோ இருந்தாலும் ஆடுவது கயாக்கில்தான். பிரிட்டிஷ் வழக்கில் இரண்டையும் சேர்த்துக் கேனோ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்று ஆடப்படும் வடிவம் குளிர்காலத்தில் நீச்சல் குளத்துக்குள் கயாக் பழக்கிய காலத்தில் உருவானது. ஆற்றுப் படகைக் குளத்துக்குள் கொண்டுவந்தால் சுவரில் முட்டும். அதனால் இரு முனையும் மழுங்கிய குட்டிப் படகுகளைச் செய்தார்கள். அவற்றுக்கு 'பேட்' என்று பெயர். குட்டிப் படகுகளில் பத்துப் பேரைக் குளத்துக்குள் விட்டுவிட்டு ஒரு பந்தையும் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் உலக சாம்பியன்ஷிப் 1994இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்தது. அதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 2005இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் நடந்த உலக விளையாட்டுகளிலும் (World Games, ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கான போட்டி) சேர்த்துக்கொண்டார்கள். ஒலிம்பிக்கில் இல்லை. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்பெயின், நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பலமான அணிகள் உண்டு. ஆசியாவில் தைவான், ஜப்பான், சிங்கப்பூர் அணிகள் உலகப் போட்டி வரை போகின்றன. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது எட்டாத விளையாட்டு இல்லை.

வருவதற்கு முன்

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது மீட்டர் அவசரமில்லாமல் நீந்த முடிந்தால் போதும், வேகம் தேவையில்லை. தோள்பட்டை ஒரு முறை நழுவியவர்கள், வலிப்பு உள்ளவர்கள், காதில் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தில் தோள்பட்டைதான் முதலில் போகும்.

எதையும் வாங்காதீர்கள். கிளப்பிலேயே படகு முதல் ஹெல்மெட் வரை இருக்கும். நீச்சல் உடை, உடம்போடு ஒட்டும் ஒரு மேல்சட்டை, மூக்குக் கிளிப் இவை மூன்றும் கொண்டுவந்தால் போதும். மோதிரம், சங்கிலி, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். நகத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள். போட்டிகளில் நகத்தைத் தடவிப் பார்க்கும் நடுவர்களும் உண்டு.

படி 1: படகுக்குள் உட்காருவது

போலோ படகு 2.1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை நீளம், 50 முதல் 60 செ.மீ. அகலம். போட்டிக்கு வரும் படகு 7 கிலோவுக்குக் குறையக் கூடாது. கார்பன் நார்ப் படகுகள் அந்த எடையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். புதியவருக்குத் தரும் பிளாஸ்டிக் படகு அதைவிட நல்ல கனம். இரு முனையிலும் தடித்த நுரை முட்டு ஒட்டியிருக்கும். முன்முனையை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள். கச்சிதமான சொல், நானும் அதையே சொல்லப் போகிறேன்.

உள்ளே மூன்று இடத்தில் உடம்பு படகோடு ஒட்ட வேண்டும். பாதம் கால்பலகையில், தொடை மேல்தட்டின் அடிப்புறத்தில், இடுப்பு இரு பக்கமும் நுரைத் துண்டில். லூசான செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது அல்லவா, அதே கதைதான். இடுப்பை வலது பக்கம் ஆட்டினால் படகும் உடனே வலது பக்கம் சாய வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் நுரைத் துண்டைச் செருகச் சொல்லுங்கள். பயத்தில் சில பேர் வேண்டுமென்றே தளர்வாக வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குத்தான் ரோல், அதாவது கவிழ்ந்த படகோடு அப்படியே நிமிர்ந்து எழுவது, வரவே வராது.

அதற்கு மேல் ஸ்ப்ரே டெக். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பாவாடை அது. அதன் விளிம்பைப் படகு வாயைச் சுற்றி மாட்டினால் தண்ணீர் உள்ளே வராது. முன்னால் ஒரு இழுப்பு வளையம் இருக்கும். அந்த வளையம் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே மடிந்து மாட்டிக்கொண்டால் தண்ணீருக்கடியில் தேட வேண்டிவரும்.

படி 2: கவிழ்ந்து வெளியே வருவது

நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். முதுகில் சுரைக்குடுவையைக் கட்டி மேலிருந்து தள்ளிவிட்ட பரம்பரை. அதனால் தண்ணீர்ப் பயம் எனக்கு இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். படகோடு தலைகீழாகப் போன அந்த நொடியில் கிணறு, குளம், நீச்சல் எதுவும் ஞாபகம் வரவில்லை. காலை உதைக்கத் தோன்றியது, கால் வரவில்லை. இதுதான் எல்லாருக்கும் நடக்கிறது. நீந்தத் தெரிந்தவனுக்குக் கூடுதலாகவே நடக்கிறது, ஏனென்றால் அவன் உடம்புக்குத் தெரிந்த ஒரே பதில் காலை உதைப்பதுதான்.

செய்ய வேண்டியது இது. கவிழ்ந்ததும் உடம்பை முன்னால் மடக்குங்கள், நெற்றி மேல்தட்டை நோக்கிப் போகட்டும். இரு கையையும் வெளியே எடுத்து, தண்ணீருக்கு மேல் இருக்கும் படகின் அடிப்பாகத்தில் மூன்று முறை தட்டுங்கள். சத்தம் முக்கியமில்லை. மூன்று தட்டு தட்டும் அந்த நேரத்தில் பதற்றம் ஒரு படி இறங்கும். அடுத்து வளையத்தைப் பிடித்து முதலில் முன்னோக்கியும், பிறகு உங்கள் பக்கமும் இழுங்கள். ஸ்ப்ரே டெக் கழன்றுவிடும். கடைசியாக இரு கையையும் இடுப்புக்குப் பக்கத்தில் படகு விளிம்பில் வைத்து, கால்சட்டையைக் கழற்றுவதுபோல் படகைக் கழற்றுங்கள்.

தப்பு நடக்கும் இடம் ஒன்றுதான். காற்று வேண்டும் என்ற அவசரத்தில் தலையை முதலில் மேலே கொண்டுவரப் பார்ப்பார்கள். இடுப்பு உள்ளே இருக்கும்போது தலை மேலே வராது, வயிறுதான் பிடித்துக்கொள்ளும். இடுப்பு வெளியே வந்துவிட்டால் தலை தானாக மேலே வரும். ஆழம் குறைந்த பக்கத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்க, ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தாவது முறை வளையத்தை இழுக்கும் முன் பத்து எண்ணிவிட்டு வெளியே வர முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: ரோல்

இந்தப் படியில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்டத்தின் நடுவில் படகைவிட்டு வெளியே வந்துவிட்டால், படகையும் துடுப்பையும் இழுத்துக்கொண்டு களத்தைவிட்டுப் போக வேண்டியதுதான். பந்தைப் பிடித்த அடுத்த நொடி ஒருவர் வந்து மேல்கையில் கை வைத்துத் தள்ளுவார். அது விதிப்படி சரிதான். ரோல் தெரியாதவருக்குப் பந்தைக் கண்டாலே பயம் வரும். பிடித்த மாத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கோ எறிவார். ரோல் தெரிந்தவர் தள்ளு வருவதைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் பந்தைக் கொடுத்துவிட்டுக் கவிழ்ந்து எழுந்து வருவார். பந்து நாலாவது வாரம் என்றதன் காரணம் இதுதான்.

முதலில் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். காது தண்ணீரில் படும்வரை பக்கவாட்டில் சாயுங்கள், படகும் சேர்ந்து சாயும். இப்போது கையால் அழுத்தி எழாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும் பக்கத்து முழங்காலை மேல்தட்டில் இழுத்து அழுத்தி, இடுப்பைச் சட்டென்று பக்கவாட்டில் வெட்டுங்கள். படகு உங்களுக்கு அடியில் நிமிரும், தலை மட்டும் இன்னும் தண்ணீரில் கிடக்கும். படகு முதலில், உடம்பு அடுத்து, தலை கடைசியில். விளிம்பைப் பிடித்திருக்கும் கைக்கு அடியில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அது உடையக் கூடாது. இதை வாரத்துக்கு முப்பது முறையாவது செய்ய வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து விளிம்புக்குப் பதில் ஒருவருடைய கை, அதற்கடுத்து நீச்சல் பலகை. பிறகு துடுப்பு ரோல். முன்னால் குனிந்து துடுப்பைப் படகுக்கு இணையாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கவிழுங்கள். தண்ணீருக்கு மேலே துடுப்பின் இலை (அகன்ற தட்டையான முனை) வந்ததும் அதை வெளிப்பக்கமாக வளைத்து அகற்றுங்கள். படகுக்குச் செங்குத்தாக வரும்போது இடுப்பை வெட்டுங்கள். தலை கடைசியில் என்பதை மறக்காதீர்கள். உங்கள் கண் துடுப்பின் இலையைப் பார்த்துக்கொண்டே வந்தால் தலை தானாகத் தாமதிக்கும். எனக்கு யாரோ சொன்ன இந்த ஒரு குறிப்பால்தான் ஏழாவது வாரம் ரோல் வந்தது.

கடைசியில் கை ரோல். துடுப்பு கைவிட்டுப் போயிருக்கும்போது வெறும் கையால் தண்ணீரை அழுத்தி எழுவது. இதில் பின்புறம் சாய்ந்து, முதுகு பின்தட்டில் படும்படி முடிக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆனால் கையில் பந்து இருந்தால் வேலை சுலபம். பந்து மிதக்கும், அதை அழுத்தியே எழுந்துவிடலாம். போலோ ஆடுகிறவர்கள் பலர் முதலில் எழுந்த கை ரோல் பந்தோடு எழுந்ததாகத்தான் இருக்கும்.

மூக்குக் கிளிப்பை முதல் மாதத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். ஆட்டத்தில் அது எங்கேயாவது கழன்று விழும், அன்றைக்குத் தடுமாறுவீர்கள். கவிழும்போது மூக்கால் மெல்ல 'ம்ம்ம்' என்று முனகினால் தண்ணீர் ஏறாது.

படி 4: படகைத் திருப்புவது

நேராகப் போவது எல்லாருக்கும் வந்துவிடும், போலோவில் அதற்கு மதிப்பு குறைவு. நாலு துடுப்புப் போட்டு நின்று திரும்பி மறுபடி பாய வேண்டும். பழக வேண்டியவை மூன்று.

ஒன்று, நின்ற இடத்தில் சுற்றுவது. ஒரு பக்கம் அணியத்திலிருந்து பின்முனை வரை பெரிய வளைவாக ஓர் இழுப்பு, உடனே மறுபக்கம் பின்னிருந்து முன்னுக்கு ஒரு தள்ளல். படகு பம்பரம் மாதிரி சுற்றும். இரண்டு, நிறுத்துவது. முழு வேகத்தில் வந்து மூன்று பின்துடுப்பில் (துடுப்பைப் பின்னிருந்து முன்னுக்குத் தள்ளுவது) நிற்க வேண்டும். சுவரை நோக்கிப் பழகாதீர்கள், குளத்துக்காரர் திட்டுவார். மூன்று, பின்முனையை மூழ்கடித்துத் திரும்புவது. உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு பக்கம் பலமாகப் பின்துடுப்பு போட்டால் பின்முனை தண்ணீருக்குள் இறங்கி அணியம் மேலே எழும்பும். அப்படியே ஒரு வெட்டில் திரும்பிவிடலாம். பார்க்க அழகாக இருக்கும், கவிழ்ந்தும் போவீர்கள். கவிழ்ந்தால் என்ன, ரோல்தான் தெரியுமே.

படி 5: பந்து

சரி, இப்போது பந்தை எடுக்கலாம். ஆண்கள் ஆட்டத்தில் 5ஆம் எண், பெண்கள் ஆட்டத்தில் கொஞ்சம் சிறிய 4ஆம் எண். எடை இரண்டுக்கும் ஒன்றுதான், 400 முதல் 450 கிராம்.

தண்ணீரில் மிதக்கும் பந்தை விரலால் கவ்வி எடுக்க முடியாது, வழுக்கும். உள்ளங்கையை மேலே வைத்து லேசாக அழுத்தி, பந்தை உருட்டிக்கொண்டே கையை அடியில் கொண்டுபோங்கள். அது கைமேல் வந்து உட்காரும். எட்டாத தூரத்தில் இருந்தால் துடுப்பின் இலையைப் பந்துக்கு அடியில் விட்டு உங்கள் பக்கம் உருட்டிக்கொள்ளலாம்.

பிடிப்பது ஒற்றைக் கையால், இன்னொரு கையில் துடுப்பு இருக்கும். பந்து வரும்போது கையை அதை நோக்கி நீட்டி, பட்டதும் பின்னால் விட்டுக்கொடுங்கள். கையை விறைப்பாக வைத்திருந்தால் பந்து சுவரில் அடித்த மாதிரி தெறித்து ஓடும்.

எறிவதில் ஒரு சிக்கல் உண்டு. தரையில் நின்று எறிந்தால் பலம் காலிலிருந்து வரும். இங்கே கால் படகுக்குள் மடங்கிக் கிடக்கிறது. தோளால் மட்டும் எறிந்தால் ஆறு மாதத்தில் தோள் போய்விடும். வலது கையால் எறிகிறீர்கள் என்றால் இடது பாதத்தைக் கால்பலகையில் அழுத்தி, இடுப்புக்கு மேல் உடம்பை முழுக்க வலப்புறம் முறுக்கி, அந்த முறுக்கு அவிழும் வேகத்தில் பந்தை விடுங்கள். முழங்கை காதுக்கு மேல் இருக்கட்டும். ஐந்து மீட்டர் தூரத்தில் இருவராக நின்று எறிந்து பிடித்துப் பழகுங்கள். வலது கையால் ஐம்பது, இடது கையால் ஐம்பது. இடது கை முதலில் கோமாளித்தனமாகத்தான் இருக்கும்.

பந்தைக் கையில் ஐந்து நொடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. முன்னால் எறிந்துவிட்டுத் துடுப்புப் போட்டுப் போய் மறுபடி எடுக்கலாம். மடியில், ஸ்ப்ரே டெக் மேல் வைத்துக்கொண்டு துடுப்புப் போடுவது தப்பு. புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இதுதான்.

படி 6: இடிக்கலாம், எங்கே, எப்படி

கையால் தள்ளுவது: எதிராளியிடம் பந்து இருக்க வேண்டும். அதாவது கையில், அல்லது தண்ணீரில் அவர் கைக்கு எட்டும் தூரத்தில். பந்து காற்றில் பறந்துகொண்டிருந்தால் அது யாரிடமும் இல்லை. ஒரே ஒரு கை, விரித்த உள்ளங்கை. முதுகிலோ பக்கவாட்டிலோ மேல்கையிலோ வைத்துத் தள்ளலாம். கழுத்து, தலை பக்கம் போகவே கூடாது. குளத்துச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளி, அவர் தலை போய் மோதும் நிலை இருந்தாலும் தப்பு.

படகால் இடிப்பது: இடிபடுகிறவர் பந்துக்காகப் போட்டியிட வேண்டும், பந்தும் மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் அணியம் அவர் உடம்பில் படக் கூடாது. பக்கவாட்டில் செங்குத்தாக வந்து முழு வேகத்தில் மோதுவதும் தப்பு. சாய்வாக வந்து அவர் படகை வழிமாற்றுவதுதான் முறை. கோலிலிருந்து 6 மீட்டருக்குள் மட்டும் இடம் பிடிக்க இரு தரப்பும் நெருக்கிக்கொள்ள நடுவர் விடுவார்.

துடுப்பு: பறக்கும் பந்தைத் தடுக்கலாம், தட்டிவிடலாம். எதிராளி கையால் பந்தை எடுக்கப் போகும்போது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் துடுப்பைக் கொண்டுபோகக் கூடாது. இதில் நடுவர் இரக்கமே காட்டமாட்டார். துடுப்பு விளிம்பு 5 மி.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும் என்று விதி இருப்பதும், ஹெல்மெட்டில் முகத்துக்குக் கம்பி வலை இருப்பதும் இதனால்தான்.

பச்சை அட்டை எச்சரிக்கை. மஞ்சள் என்றால் இரண்டு நிமிடம் வெளியே. சிவப்பு என்றால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

ஒரு விதி புத்தகத்தில் இல்லை, நான் சொல்கிறேன். இரண்டு படகு நெருங்கும்போது படகு விளிம்பைக் கையால் பிடிக்காதீர்கள். தடுமாற்றத்தில் பிடிக்கத் தோன்றும். எனக்கு இரண்டாவது வருஷத்தில் வலது சுண்டுவிரல் இரண்டு படகுக்கு நடுவில் நசுங்கியது. இன்றும் குளிர்காலத்தில் அது மட்டும் தனியாக விறைக்கும்.

படி 7: தடுப்பது

கோல்கீப்பர் என்று தனி ஆள் கிடையாது. அந்த நேரத்தில் கோலுக்கு நேர் கீழே யார் துடுப்பைத் தூக்கி நிற்கிறாரோ அவர்தான் கீப்பர். நிமிர்ந்து, துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்து, இலை கோலின் நடுவில் இருக்கும்படி நிற்க வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும், எறிகிறவரின் முழங்கையைப் பாருங்கள். பந்து இல்லாத கீப்பரை எதிரணி தள்ளக் கூடாது. கீப்பரின் உண்மையான கஷ்டம் பந்தை நிறுத்துவதில் இல்லை. இடம் நகராமல் நிற்பதில்தான். துடுப்பு இரண்டு கையாலும் தலைக்கு மேல் இருக்கிறது, படகைத் திருத்தத் துடுப்பு இல்லை. இடுப்பாலேயே சமாளிக்க வேண்டும்.

மற்ற நாலு பேரும் அவருக்கு முன்னால் பெட்டி மாதிரி நிற்பது புதிய அணிக்கு நல்லது. அணியம் வெளியே பார்த்திருக்க, கீப்பருக்கு நெருக்கமாக இருவர், கொஞ்சம் முன்னே இருவர். எதிராளி உள்ளே பாய வந்தால் அவர் படகின் அணியத்தை உங்கள் அணியத்தால் சந்தித்து வெளிப்பக்கம் திருப்பிவிடுங்கள். துரத்திக்கொண்டு பெட்டியைவிட்டு வெளியே போகாதீர்கள். நீங்கள் விட்டுப்போன இடத்தில்தான் அடுத்த படகு வரும். முதல் வருஷம் முழுக்க எங்கள் அணி வாங்கிய கோல்களில் பெரும்பாலானவை இப்படி யாரோ ஒருவர் வீரத்தோடு துரத்திப் போனதால் வந்தவை. அந்த ஒருவர் பல நாள் நான்தான்.

படி 8: கோல் போடுவது

பந்து கிடைத்ததிலிருந்து 60 நொடிக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். பெரிய போட்டிகளில் கடிகாரம் ஓடும். அறுபது நொடி என்பது நிறைய நேரம். அவசரப்படுகிறவர்கள்தான் தோற்பார்கள்.

தடுப்புப் பெட்டியை வெளியிலிருந்து எறிந்து உடைக்க முடியாது, படகால்தான் உடைக்க வேண்டும். இருவர் வெளியே பந்தைக் கைமாற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உள்ளே பாய்வார். அவர் கோல் போடப் போவதில்லை. அவர் வேலை, ஒரு தடுப்பாளரின் படகைத் தன் படகோடு சிக்கவைப்பது. அந்தத் தடுப்பாளரால் திரும்ப முடியாது, அங்கே ஒரு படகளவு சந்து திறக்கும். இரண்டாவது ஆள் அந்தச் சந்தில் நுழைவார், பந்து அவர் கைக்கு வரும், எறிவார். கோல் போட்டவரைக் கைதட்டுவார்கள். முதலில் பாய்ந்து மாட்டிக்கொண்டு, அநேகமாகக் கவிழ்ந்தும் கிடக்கிறவரைத் தண்ணீருக்கடியில் யாருக்கும் தெரியாது. எங்கள் கிளப்பில் நல்ல ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் பழைய ஆட்கள் இந்த வேலை செய்கிறவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

எறியும்போது மேல் மூலைகளைக் குறிவையுங்கள். கையை ஓங்கிவிட்டு ஒரு கணம் நிறுத்தினால் கீப்பரின் துடுப்பு ஒரு பக்கம் சாயும், மறுபக்கம் போடலாம். இந்த ஏமாற்று பழைய கீப்பரிடம் பலிக்காது.

படி 9: முதல் போட்டி நாள்

காலையில் உபகரணச் சோதனை இருக்கும். நுரை முட்டு கிழிந்திருக்கிறதா, துடுப்பில் கூர் இருக்கிறதா, ஹெல்மெட் வலை உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டும் டேப் ஒரு சுருள் கையில் வைத்திருங்கள், பாதிப் பிரச்சினை அதில் தீரும்.

ஆட்டம் தொடங்கும்போது ஐந்து பேரும் தங்கள் கோல் கோட்டில் வரிசையாக நிற்பார்கள். விசில் அடித்ததும் பந்து நடுக்களத்தில் விழும். அணிக்கு ஒருவர் மட்டும் அதற்காகப் பாய்வார். அந்த வேலையைப் புதியவருக்குத் தரமாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். எதிரெதிராக முழு வேகத்தில் வரும் இரண்டு படகு அது. ஆள் மாற்றுவதற்கு நடுவரைக் கேட்க வேண்டியதில்லை. வெளியே போகிறவரின் படகு கோல் கோட்டை முழுக்கத் தாண்டியதும் அடுத்தவர் உள்ளே வரலாம். அரை வினாடி முந்தினாலும் தப்பு.

உள்ளூர்ப் போட்டிகளில் ஆடி முடித்த அணியே வேறொரு ஆட்டத்துக்கு நடுவராக நிற்க வேண்டியிருக்கும். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். கையில் விசிலோடு கரையில் நடந்த இரண்டு ஆட்டத்தில் எனக்குப் புரிந்த விதிகள், ஒரு வருஷம் ஆடியும் புரிந்திருக்கவில்லை.

ஏரியில் ஆடினால் உடம்பில் உள்ள சிராய்ப்புகளுக்கு நீர் புகாத பிளாஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள். ஏரித் தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் ஏரியில் ஆடியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் ஸ்ப்ரே டெக்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். மடித்துப் பையிலேயே விட்டால் அடுத்த வாரம் நாற்றத்தில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். அப்புறம், படுக்கும் முன் ஒரு முறை நன்றாகக் குனிந்து, தலையை இரு பக்கமும் சாய்த்து மூக்கைச் சிந்திவிடுங்கள். கவிழ்ந்து எழுந்தபோது மூக்குக்கு மேல் ஏறிய தண்ணீர் அங்கேயே தங்கியிருக்கும். நான் இதைச் செய்யாமல் தூங்கி, மறுநாள் காலை அலுவலகக் கூட்டத்தில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். குளோரின் வாசத்தோடு ஒரு கரண்டித் தண்ணீர் மேலாளரின் ஷூ மேல் கொட்டியது.